ரப்பர் மூடி போட்ட எட்டு பேரிங்குகள்

போடியில் நாங்கள் குடியிருந்த சந்தில் ஆடி மாதம் முழுக்க மண் பறக்கும். கணவாய் வழியாக இறங்கும் காற்று, அக்கம்பக்கத்துப் பெண்கள் ஏலக்காய் பொறுக்கி ஒதுக்கிய காம்பையும் தூசியையும் வாரிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் கொட்டும். அப்படி ஓர் ஆடியில்தான் என் கணவருடைய ரிமோட் கார் கிரீச்சென்று கத்திவிட்டு நின்றுபோனது.

அவர் ஜீப் டிரைவராக இருந்தவர். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிப் போய் இறக்கிவிட்டு வருவார். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மழை நாளில் வண்டி வளைவில் சரிந்து, முதுகில் அடிபட்டு, இரண்டு கால்களும் விளங்காமல் போயின. கைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. குவைத்தில் வேலை பார்த்த என் கொழுந்தன் விடுமுறையில் வந்தபோது அந்தக் காரைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார். "கை சும்மா இருக்கக் கூடாதுண்ணே. இத ஓட்டுங்க" என்றார்.

கார் முழங்கை நீளம் இருக்கும். சக்கரத்துக்கு இரண்டு பேரிங் வீதம் எட்டு பேரிங். சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் பேட்டரி. வாசல் அறைக் கட்டிலில் தலையணையில் சாய்ந்தபடி அவர் ஓட்டுவார். அது சமையலறைக்கு வந்து என் கணுக்காலில் முட்டும், பின்வாங்கும், மறுபடி முட்டும். நிலைப்படிக்கு ஒரு பலகையும் வாசல் சாக்கடைக்கு ஒரு பலகையும் போட்டுக் கொடுத்திருந்தார் எதிர்வீட்டுத் தையல்காரர். அதன் வழியாகக் கார் சந்துக்கும் போய்வரும். பொழுது போகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

எனக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. காலை எட்டு மணிக்குத் தலையில் ஹெட்போனை மாட்டினால் மாலை வரை ஏலக்காய் வியாபாரிகளின் டிரங்க் கால்தான். மதுரை, விருதுநகர், கொச்சி, பம்பாய். லைன் கிடைக்காததற்கு நான்தான் காரணம் என்பது போலப் பேசுவார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் காதுக்குள் யாரோ "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். அதற்கு மேல் அந்தக் காரின் மோட்டார் சத்தம். நின்றுபோனதும் வீடு அமைதியாகிவிட்டது. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. இதை அவரிடம் கடைசி வரை நான் சொன்னதில்லை.

அவர் சக்கரத்தைக் கழற்றி, பேரிங்கைத் தள்ளி எடுத்து, இரண்டு விரல்களுக்கு நடுவில் உருட்டிப் பார்த்தார்.

"மண்ணு பூந்து ஒண்ணு இறுகிப்போச்சு. மத்ததும் கரகரங்குது. எட்டையும் மாத்திரணும் புள்ள. தேனி போறப்ப வாங்கிட்டு வா."

"சரிங்க."

பேரிங்கைத் தீப்பெட்டிக்குள் போட்டுக் கொடுத்தார். பைக்குள் வைத்துக்கொண்டேன். தேனிக்குத்தான் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது, துணி துவைத்தேன், படுத்துத் தூங்கினேன். "கடை லீவாம்" என்று ஒருநாள் பொய்யும் சொன்னேன். அவர் மறுபடி கேட்கவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அவருக்குக் காய்ச்சல் வந்தது. கட்டில் ஆடும் அளவுக்கு நடுக்கம். வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர், மூத்திரப்பையில் கிருமி சேர்ந்திருப்பதாகச் சொல்லி ஊசி போட்டார். "தண்ணி ஒழுங்கா குடிக்கிறாரா?" என்று என்னிடம் கேட்டார். காலையில் கட்டிலருகே நான் வைத்துவிட்டுப் போகும் சொம்பு, கொஞ்ச நாளாக மாலையிலும் அப்படியே நிறைந்திருந்ததுதான் நினைவுக்கு வந்தது. தாகம் எடுக்கவில்லை போலிருக்கிறது என்று அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் போன பிறகு தையல்காரர் வாசலிலேயே நின்றார். கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது.

"தப்பு என்மேலதான் மதினி. வண்டி வரலயே, அண்ணனுக்கு ஒண்ணும் வேணாம்போலன்னு இருந்துட்டேன்."

"வண்டிக்கும் இதுக்கும் என்ன?"

அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "பகல்ல அவுகளுக்கு ஒண்ணுக்கு வந்துச்சுன்னா வண்டிய என் வாசலுக்கு விடுவாக. நான் மிஷின நிறுத்திட்டு வந்து டப்பா வச்சு எடுத்துருவேன். சந்து நெடுக பொம்பளையாளுக காய் பொறுக்கிக்கிட்டு உக்காந்திருக்காக. இங்கன இருந்து சத்தம் போட்டுக் கூப்பிட அவுகளுக்குக் கூச்சம்."

கார் நின்ற நாளிலிருந்து கணவர் யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டிய தேவை வரக்கூடாது என்று தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டார். நான் திரும்பிக் கட்டிலைப் பார்த்தேன். கண்ணை மூடிப் படுத்திருந்தார், தூங்கவில்லை.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நீயே ஓஞ்சுபோயி வார" என்றார்.

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. தையல்காரரைப் பக்கத்திலேயே இருக்கச் சொல்லிவிட்டு, லீவு போட்டுத் தேனிக்குப் பஸ் ஏறினேன். முதல் இரண்டு கடைகளில் தீப்பெட்டியைத் திறந்ததுமே தலையை ஆட்டிவிட்டார்கள். பம்ப்செட்டுக்கும் லாரிக்கும்தான் அங்கே பேரிங். மூன்றாவது கடைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "எந்த மிஷினு?" என்று கேட்டார். பொம்மைக் கார் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

"தையல் மிஷின்."

"தையல் மிஷின்ல இந்த மாதிரி வராதேம்மா."

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். யாரிடமும் சொல்லாததை, சக்கரத்துக்குப் பேரிங் விற்கிற ஒருவரிடம், லாரி இரைச்சலுக்கு நடுவே நின்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். வெர்னியர் அளவுகோலால் பேரிங்கைக் கவ்விப் பார்த்து, உள் துவாரம் ஐந்து மில்லி, வெளிவட்டம் பதினொன்று, அகலம் நான்கு என்று ஒரு சீட்டில் எழுதினார். மதுரையிலிருந்து வரவழைக்க வேண்டும், ஒரு வாரம் ஆகும் என்றார்.

"இதுல ரெண்டு தினுசு இருக்கு. ரெண்டு பக்கமும் தகரம் மூடினது ஒண்ணு, ரப்பர் மூடினது ஒண்ணு. எது வேணும்?"

"என்ன வித்தியாசம்?"

"தகரம்னா வழுக்கிட்டு ஓடும், நல்ல வேகம் இருக்கும். ஆனா தகரத்துக்கும் உள்வளையத்துக்கும் நடுவுல முடி அளவு சந்து உண்டு. பொடி மண்ணு உள்ள போயிரும். உங்க சந்துக்கு மூணு மாசம் தாங்குனா அதிகம். ரப்பர் ஒட்டிக்கிட்டு நிக்கும். மண்ணும் போகாது, உள்ள இருக்குற கிரீஸும் வெளிய வராது. ஆனா இழுவையா இருக்கும். வண்டி மெதுவாத்தான் போகும், பேட்டரியும் சீக்கிரம் இறங்கும்."

ஸ்டூலில் உட்கார்ந்து யோசித்தேன். மலைப்பாதையில் அவர் ஜீப் ஓட்டும்போது நான் கண்ணை இறுக மூடிக்கொள்வேன். அவ்வளவு வேகம். படுத்த பிறகு அவருக்கு மிச்சமிருந்த வேகம் இந்தக் கார் ஒன்றுதான். ஆனால் திடீரென்று ஒருநாள் அது நின்றுவிட்டால் மறுபடி சொம்பு நிறைந்தே இருக்கும். அதோடு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை தேனிக்கு வந்து நிற்க என்னால் ஆகாது என்றும் தோன்றியது. இதில் எந்தக் காரணம் பெரியதாக இருந்தது என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

"ரப்பரே வரவழைங்க" என்றேன்.

அந்த ஒரு வாரமும் தையல்காரர் இரண்டு மணிக்கு ஒருதரம் தானாக வந்து எட்டிப் பார்த்தார். கணவருக்கு அது பிடிக்கவில்லை. "கேக்காமலே வந்து நிக்கிறான்" என்று முணுமுணுத்தார். ஆனால் தண்ணீர் குடித்தார்.

பார்சல் வந்த அன்று எட்டு பேரிங்கையும் அவரே பொருத்தினார். நான் உதவப் போனால் கையைத் தள்ளிவிட்டார். காரைத் தரையில் விட்டு ரிமோட்டை அழுத்தினார். நகர்ந்தது. ஆள் ஏற்றிய வண்டி மேட்டில் ஏறுவது போல மெதுவாக நகர்ந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ரிமோட்டைக் கீழே வைத்தார்.

"ரப்பரா?"

"அதுதாங்க இருந்துச்சு."

மறுநாள் காலை நான் தலை பின்னிக்கொண்டிருந்தபோது, முகத்தைத் திருப்பாமல், "தகரத்துலயும் இருக்குமே" என்றார்.

"இருந்துச்சு. நான்தான் வேணாம்னேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"நானா இருந்தா தகரத்தத்தான் எடுத்திருப்பேன். அப்புறம் மூணு மாசத்துக்கு ஒருக்க உன்னத் தேனிக்கு விரட்டியிருப்பேன்" என்றார். பிறகு, "ஒரு ஊசி இருந்தா குடு" என்றார்.

அன்று பகல் முழுக்க உட்கார்ந்து, சக்கரங்களை மறுபடி கழற்றி, ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு பேரிங்குகள் ஒன்றையொன்று பார்த்திருக்கும் உள்பக்கத்து ரப்பரை மட்டும் ஊசியால் நெம்பி எடுத்திருக்கிறார். அந்தப் பக்கம் மண் போக வழியில்லை. மண்படும் வெளிப்பக்கத்து ரப்பரைத் தொடவில்லை. மாலை நான் வந்தபோது கார் தையல்காரர் வீட்டு வாசலில் நின்றது. பழைய வேகம் இல்லை, ஆனால் முந்தின நாள் அளவுக்கு இழுக்கவும் இல்லை.

அடுத்த மாதம் எக்ஸ்சேஞ்சில் கேட்டு, நடுவில் இரண்டு மணி நேரம் விடும் ஷிப்டுக்கு மாறிக்கொண்டேன். உச்சி வெயிலில் வீட்டுக்கு நடக்க வேண்டும், மறுபடி திரும்பி நடக்க வேண்டும். முன்பைவிட அதிகமாகக் களைத்துப்போனேன். சில நாள் நான் வரும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். எழுப்பாமல் கட்டில் ஓரத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்புவேன்.