வெள்ளவத்தையில் வாழ்ந்து பார்க்கப் போனோம்: குளிர்நாட்டை விட்டு வரலாமா என்று பதினாறு நாள்

இந்தப் பெப்ரவரியில் நானும் என் கணவரும் பதினாறு நாள் கொழும்புக்குப் போய் வந்தோம். கல்யாணவீடு, செத்தவீடு, கோயில் திருவிழா ஒன்றும் இல்லை. நோர்வேயின் வடக்கில் முப்பது வருசம் விறைத்தது போதும், மிச்சக் காலத்தை வெயில் உள்ள நாட்டில் கழிக்கலாமா என்று இருந்து பார்க்கத்தான் போனோம். இதே யோசனையோடு எத்தனையோ பேர் சோபாவில் சாய்ந்து ஃபோனில் வீட்டு வாடகை பார்த்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விலைகளில் பிழை இருக்காது.

காரணம் இவருடைய விரல்கள். இவர் எங்கள் ஊர் மீன் தொழிற்சாலையில் இருபத்தாறு வருசம் உறைந்த மீனைப் பெட்டியில் அடுக்கியவர். இப்போது குளிர் பட்டால் விரல்கள் மெழுகுதிரி மாதிரி வெளிறிப்போகும், மடங்காது. ஒக்டோபரில் இருந்து ஏப்ரல் வரை காலையில் இவருடைய சேட்டுக்குப் பொத்தான் பூட்டுவது நான்தான். “நேசரிப் பிள்ளை மாதிரி ஆடாமல் நில்லுங்கோ” என்று பகிடி பண்ணுவேன், சிரிப்பார். போன மார்கழியில் ஒருநாள் சிரிக்கவில்லை. வைத்தியர் சூடான நாடு நல்லது என்றார். இவரோடு வேலை செய்த நோர்வேக்காரர் இரண்டு பேர் ஸ்பெயினுக்குப் போய்விட்டார்கள். எங்களுக்கு ஸ்பெயினில் என்ன இருக்கிறது? இவர் கொழும்பு என்றார். யாழ்ப்பாணத்தாருக்குக் கொழும்பு என்றால் வெள்ளவத்தை. அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை, நாங்களும் யோசிக்கவில்லை.

ஓர் உடன்பாடு செய்தோம். இரண்டு பேரும் ஓம் என்றால்தான் போவது. ஒருவர் இல்லை என்றால் அந்தக் கதை அதோடு சரி, பிறகு குத்திக் காட்டக் கூடாது. இவருடைய ஓம் விமானம் ஏற முதலே எனக்குத் தெரியும். ஆகவே சோதனை எனக்குத்தான். ஒஸ்லோவில் இருக்கும் மகள், “சண்டை பிடிக்காமல் முடிவெடுங்கோ, எங்கை போனாலும் நான் லீவுக்கு வருவன்” என்று சொல்லிவிட்டாள். உறவுக்காரர் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதினாறு நாளும் பதினாறு வீட்டில் புட்டுத் தின்றுவிட்டு, வாழ்ந்து பார்க்காமலே திரும்பியிருப்போம்.

எங்கள் ஊரில் மைனஸ் பதினாலில் புறப்பட்டு, ஒஸ்லோ, தோகா வழியாக இருபத்தேழு மணித்தியாலத்தில் கட்டுநாயக்கா வந்து இறங்கினோம். காலை எட்டரை மணிக்கே இருபத்தெட்டுப் பாகை. விமான நிலையத்தில் இருந்து வெள்ளவத்தைக்கு நாற்பது கிலோமீற்றர்தான் இருக்கும், டாக்சிக்கு நெடுஞ்சாலைக் கட்டணத்தோடு ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய், ஒன்றேகால் மணித்தியாலம். காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் ஓர் ஒழுங்கையில், தொடர்மாடி ஒன்றின் நான்காம் மாடியில் இரண்டு அறை வீடு, நாளுக்குப் பதினோராயிரம். பிடித்திருந்தால் வருச வாடகைக்கும் அதையே தருவதாக வீட்டுக்காரர் சொல்லியிருந்தார், மாதம் ஒரு லட்சத்து நாற்பதாயிரம், ஆறு மாத முற்பணம். நாங்கள் திரும்பும் நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

முதல் நாள் வெளியே போக ஓட்டோ பிடித்தோம். சாரதி மாளிகாவத்தைக்காரர். என் கணவர் ஏறியதும் பின்னால் கையை விட்டுத் தடவிக்கொண்டிருந்தார்.

“எந்த நாட்டுல இருந்து வாறீங்க?” என்றார் சாரதி.

“இங்கைதான், வெள்ளவத்தை” என்றேன் நான், கெட்டித்தனமாக.

“இங்க உள்ள ஆக்கள் ஓட்டோவுல சீட் பெல்ட் தேட மாட்டாங்க, அக்கா.”

பிறகு உண்மையைச் சொன்னேன். அவர் ஓட்டோவை மெதுவாக்கிவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார். “நாடே வெளிய போகுது, நீங்க உள்ள வாறீங்களா? நான் ரெண்டு வருசமா கனடாவுக்கு ட்ரை பண்றேன்.”

“குளிர் தாங்குவீங்களோ, தம்பி?”

“ஏசி மாதிரித்தானே, அக்கா.”

“ஓம், ஏசிதான். நிப்பாட்ட சுவிட்ச் இல்லை, அவ்வளவுதான்.”

வெள்ளவத்தையைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்து முருங்கைக்காய், கத்தரிக்காய், பனங்கிழங்கு எல்லாம் வீட்டு வாசலில் இருந்து ஐந்து நிமிட நடையில். கடையில், வங்கியில், மருந்துக் கடையில் தமிழிலேயே கதைக்கலாம். நான்காம் நாள் காலையில் நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு திரும்பினேன், இவர் சேட்டைப் போட்டுப் பொத்தானும் பூட்டிக்கொண்டு நிற்கிறார். ஓட்டை ஒன்று தவறி, ஒரு பக்கம் உயர்ந்து ஒரு பக்கம் தாழ்ந்து. நான் சரிப்படுத்தப் போகவில்லை. அன்று முழுக்க அப்படியே திரிந்தார், நானும் பக்கத்தில் பெருமையாகத் திரிந்தேன்.

இனி என் பக்கக் கதை. எனக்கு வெள்ளவத்தை புதிது இல்லை. கல்யாணம் பேசி, இவர் நோர்வேயில் இருக்க, விசாவுக்காக நான் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் பதினொரு மாதம் இருந்தேன். எனக்கு இருபத்திரண்டு வயது, ஓர் அறையில் எட்டுப் பெண்கள். யுத்த காலம், உங்களுக்குத் தெரியும். படிக்கட்டில் சப்பாத்துச் சத்தம் கேட்டால் பொலிஸ்காரர் சோதனைக்கு வருகிறார்கள் என்று எட்டுப் பேரும் அடையாள அட்டையோடு எழும்பி நிற்போம். எனக்கு ஒரு கெடுதலும் நடக்கவில்லை. ஆனால் சிங்களம் ஒரு சொல் தெரியாது, அதனால் வெளியே போவதே இல்லை. இந்தக் கதையை நோர்வேயில் எல்லோருக்கும் பகிடியாகத்தான் சொல்லியிருக்கிறேன், எட்டுப் பெண்களும் ஒரு குளியலறையும் என்று. இவருக்கும் அப்படித்தான் தெரியும். இவருக்கு வெள்ளவத்தை என்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வந்து பேசும் ஒரு தொலைபேசி இலக்கம்.

இரண்டாம் நாளே அந்த லொட்ஜைத் தேடிப் போனோம். இப்போது ஐந்து மாடிக் கட்டடம், கீழே ஃபோன் கடை. இவர் படம் எடுத்தார். நான் அங்கிருந்து கடல் வரைக்கும் காலடியை எண்ணிக்கொண்டு நடந்தேன். தண்டவாளத்தையும் தாண்டி இருநூற்றுப் பதினாலு. பதினொரு மாதத்தில் அந்தக் கடலை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. இவரிடம் அதைச் சொல்லவில்லை. பசிக்குது என்றேன். இறால் வடை ஒன்று நூற்றைம்பது ரூபாய், இரண்டு தின்றேன்.

ஆறாம் நாள் பின்னேரம் மூன்று மணி. இவர் நல்ல நித்திரை. படிக்கட்டில் தொம் தொம் என்று சத்தம், பிறகு கதவில் மூன்று அடி. நான் கதவைத் திறந்து கையை நீட்டிக்கொண்டு நின்றேன். வாசலில் காஸ் சிலிண்டர் கொண்டுவந்த மனிதர். அவர் என் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“பாஸ்போர்ட் எனக்கு எதுக்கு, அக்கா? காலி சிலிண்டரைத் தாங்க. நான் எங்கயும் போகல.”

சிரித்தேன், அவரும் சிரித்தார். கீழே காவலாளிக்குச் சொல்லியிருக்க வேண்டும், பொழுது படுவதற்குள் தொடர்மாடி முழுக்க எனக்கு “பாஸ்போர்ட் அக்கா” என்று பெயர். நானே நாலு பேருக்கு நடித்துக் காட்டினேன். இவர் மட்டும், “ஏன் பாஸ்போர்ட்டை எடுத்தனீர்?” என்று கேட்டார். “கைக்குக் கிடைச்சது அதுதான்” என்றேன். பொய். வந்த நாளில் இருந்து இடுப்புப் பையில் வைத்துக்கொண்டேதான் சமைத்தேன், அதோடுதான் படுத்தேன். எட்டாம் நாள் என் பதில் முடிவாகிவிட்டது. இல்லை. இவருடைய கோணல் பொத்தானைப் பார்த்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

ஒன்பதாம் நாள் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். அங்கே மலர் அக்கா இருக்கிறா. நானும் இவரும் வேலை செய்த மீன் தொழிற்சாலையில் என்னோடு ஒன்பது வருசம் நின்றவ, கணவர் செத்த பிறகு ஆறு வருசத்துக்கு முதல் பிறந்த இடத்துக்கே திரும்பிவிட்டா. வெள்ளவத்தையில் இருந்து கோட்டைக்கு ரயில், ஆளுக்கு நாற்பது ரூபாய், இருபத்தைந்து நிமிடம், கடல் பக்கமாக நில்லுங்கள். கோட்டையில் இருந்து ஓட்டோ முந்நூற்றெண்பது. ஜம்பட்டா வீதிக்குப் பக்கத்து ஒழுங்கை, நிலத்தோடு வீடு.

“வாங்க வாங்க. என்னா இது, அண்ணன் இப்பிடிக் கருத்துட்டாரு? அங்க பால்கோவா மாதிரி இருந்தாரு.”

“வெயிலிலை காயப்போட்டிருக்கிறன், அக்கா. கருவாடாக்கித்தான் கொண்டுபோவன்.”

இரண்டு நாளாவது நின்றால்தான் விடுவேன் என்று பிடித்துக்கொண்டா. அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு மீன் வாங்க மூன்று பேரும் முகத்துவாரத்துக்கு ஓட்டோவில் போனோம், இரண்டரைக் கிலோமீற்றர், இருநூற்றெண்பது ரூபாய். வழியில் ஒரு பொலிஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். சாரதி அனுமதிப்பத்திரத்தைக் காட்டினார். அவர் உள்ளே குனிந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். நானும் மலர் அக்காவும் பாரை மீனின் விலைக்குச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தோம், நான் சண்டையை நிறுத்தவே இல்லை. மீன் கூடைகளுக்குப் பக்கத்தில் போய் இறங்கிய பிறகுதான் இடுப்பைத் தடவிப் பார்த்தேன். பாஸ்போர்ட் பை மலர் அக்கா வீட்டுக் கட்டிலில் கிடந்தது. எப்போது கழற்றினேன் என்றே தெரியவில்லை.

இரண்டு கிலோ பாரை வாங்கினோம். நான் வெட்டுகிறேன் என்று இவர் அடம்பிடித்தார். இருபத்தாறு வருசம் மீன் வேலை செய்தவர், கல்லு மாதிரி உறையாத மீனைக் கையால் தொட்டதே குறைவு. கிணற்றடித் தண்ணீரில் நாற்பது நிமிடம் செதில் தட்டிக் குடல் எடுத்தார். விரல்கள் கடைசிவரை மண்ணிறமாகவே இருந்தன. மலர் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணே, இந்த வேகத்துல வெட்டினா மீன் திரும்ப உயிர் புடிச்சு ஓடிரும்” என்றா. இவர் தலை நிமிராமல் சிரித்தார். மார்கழிக்குப் பிறகு அப்படிச் சிரித்ததை நான் பார்க்கவில்லை.

இரண்டு நாளும் அந்தத் தெருக்களில் தனியாகத் திரிந்தேன். பாண் வாங்கப் பேக்கரிக்குப் போனேன், வழி தவறினேன், வழி கேட்டேன், சிங்களத்தில் வழி சொன்னவருக்கு நோர்வே மொழியில் நன்றி சொன்னேன். ஒரு பக்கம் கோயில் மணி, ஒரு பக்கம் தேவாலய மணி, நடுவில் துறைமுகத்துக் கப்பல் ஊதும். வெள்ளவத்தையைவிடச் சத்தம், வெள்ளவத்தையைவிட அழுக்கு. ஆனால் படிக்கட்டுச் சத்தத்துக்கு எழும்பி நிற்கும் இருபத்திரண்டு வயதுப் பெட்டை ஒருத்தி அங்கே எந்த வீட்டிலும் இல்லை.

பதினோராம் நாள் புறக்கோட்டையில் இருந்து நூறாம் இலக்க பஸ்ஸில் திரும்பினோம். இருக்கை கிடைத்தது. காலிமுகத் திடல் தாண்டியதும் இவர் கேட்டார்.

“வீட்டுக்காரருக்குப் பதில் சொல்ல வேணும். ஓமோ, இல்லையோ? உள்ளதைச் சொல்லும்.”

“ஓம்.”

இவர் என் கையைப் பிடித்தார்.

“பொறுங்கோ, முடியேல்லை. நாட்டுக்கு ஓம். வெள்ளவத்தைக்கு இல்லை. கொட்டாஞ்சேனை எண்டால் வாறன்.”

“கொட்டாஞ்சேனையோ? எங்கடை ஆக்கள் என்ன சொல்லுவினம்?”

“எங்கடை ஆக்கள் வந்து உங்கடை பொத்தானைப் பூட்டி விடுவினமோ?”

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். லொட்ஜ், சப்பாத்து, இருநூற்றுப் பதினாலு காலடி, இடுப்புப் பை. பகிடி ஒன்றும் சேர்க்காமல் சொன்னேன், எனக்கு அது கஷ்டம். பம்பலப்பிட்டியில் இவர் என் பக்கம் திரும்பினார்.

“ஒவ்வொரு ஞாயிறும் கேட்டனான், சுகமோ எண்டு. சுகம் எண்டுதானே சொன்னனீர்.”

“நிமிசத்துக்கு எவ்வளவு காசு எண்டு தெரியுமோ? பயம் எண்டு சொல்லத் தொடங்கினால் உங்கடை சம்பளம் முடிஞ்சிருக்கும்.”

இவர் சிரிக்கவில்லை. இறங்கும் இடம் வந்ததும் முதலில் எழும்பி, “நாளைக்குக் கொட்டாஞ்சேனையிலை வீடு பார்ப்பம்” என்றார்.

மூன்று வீடு பார்த்தோம். மூன்றாவது, மலர் அக்காவின் வீட்டில் இருந்து நானூறு மீற்றர், நிலத்தோடு இரண்டு அறை, மாதம் எழுபத்தையாயிரம், ஆறு மாத முற்பணம். வீட்டுக்கார அம்மா எங்களை மேலும் கீழும் பார்த்தா. “யாழ்ப்பாணத்து ஆக்கள் எல்லாம் வெள்ளவத்தைக்குத்தானே போவாங்க? நீங்க ஏன் இங்க?”

“அங்கை நான் ஏற்கெனவே இருந்து முடிச்சிட்டன், அம்மா” என்றேன்.

வருகிற நவம்பரில் இருந்து அந்த வீடு எங்களுக்கு. முதலில் ஒரு வருசம், நோர்வே வீட்டை விற்காமல் வாடகைக்கு விட்டுவிட்டு. நீங்களும் யோசிப்பதாக இருந்தால், விடுமுறைக்காரர் போலப் போகாதீர்கள். வாடகை வீடு எடுத்து, காஸ் வாங்கி, பஸ்ஸில் நெரிபட்டுப் பாருங்கள். நீண்டகாலம் தங்கும் விசா, இரட்டைக் குடியுரிமை, ஓய்வூதியம் மூன்றையும் அந்தந்த அலுவலகத்தில் நேரே கேளுங்கள், முகநூலில் கேட்டால் பத்துப் பேர் பதினொரு பதில் சொல்வார்கள். நாங்கள் விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறோம். பெப்ரவரியில் மழை குறைவு, ஏப்ரலில் புழுக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது என்கிறா மலர் அக்கா. ஓட்டோவில் ஏற முதல் விலை கேளுங்கள், பெல்ட் தேடாதீர்கள்.

இன்னொன்று. இரண்டு பேர் போவதென்றால் இரண்டு பேருக்கும் ஒரு வாக்கு. ஒருவர் இல்லை என்றால் உடனே பெட்டியைக் கட்டிவிட வேண்டாம். நாடு வேண்டாமா, அந்தத் தெரு மட்டும் வேண்டாமா என்று ஒருமுறை கேளுங்கள். நான் கேட்கப்படாமலே சொன்னேன், எனக்கு வாய் அப்படி. எல்லோருக்கும் அப்படி இருக்காது.