மெழுகுவர்த்தி ஏற்றப் போய் மலையைப் பெருக்கி வந்தேன்

போன வருடம் என் மனைவி ஸ்டெல்லாவுக்கு வயிற்றில் கட்டி எடுத்தார்கள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருந்தபோது, அவள் நல்லபடியாக வீடு திரும்பினால் கோலார் பக்கத்துச் சிலுவைக் குன்றின் உச்சியில் ஆறு மெழுகுவர்த்தி ஏற்றுவதாக மாதாவிடம் நேர்ந்துகொண்டேன். அவள் எட்டாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டாள். நான்தான் குன்றுப் பக்கம் போகவில்லை. ஒரு வருட ஸ்கேனுக்குத் தேதி கிடைத்ததும் கறாராகச் சொன்னாள்: "நேர்ச்சைய முடிக்காம நான் அந்த மெஷினுக்குள்ள போய்ப் படுக்க மாட்டேன்." ஸ்கேன் செவ்வாய்க்கிழமை. ஆகவே தவக்காலத்தின் மூன்றாம் சனிக்கிழமை நானும், பி.யு.சி. படிக்கும் மகள் ரீனாவும் கிளம்பினோம். ஸ்டெல்லாவுக்கு ஏற்றம் இன்னும் ஆகாது.

முன்பு அந்தக் குன்றுக்குப் போக யாரையும் கேட்க வேண்டியதில்லை. பங்கு மக்கள் வேன் பிடித்துப் போவோம். அங்கேயே சுள்ளி பொறுக்கி, மூன்று கல் கூட்டி, சாம்பார் சாதம் கிளறி, சிலுவைப் பாதை முடித்துத் திரும்புவோம். தணலை அணைத்தோமா என்று இன்று கேட்டால் எனக்கு நினைவில்லை. இப்போது இணையதளத்தில் நாள் குறித்து அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். தலைக்கு 250 ரூபாய், வழிகாட்டி உட்பட. நான் பத்தாவது வரை படித்த ஏ.சி. மெக்கானிக். மூன்று ஓ.டி.பி. என் கையில் வீணாய்ப் போன பிறகு ரீனா போனைப் பிடுங்கி இரண்டு நிமிடத்தில் முடித்தாள்.

காக்ஸ் டவுன் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் காலை 4.50க்குக் கிளம்பினோம். மொத்தம் 74 கிலோமீட்டர். 5.45க்கு ஹொஸகோட்டே. அந்த ஊரில் விடியுமுன்பே பிரியாணி தட்டில் விழும். தவக்காலத்தில் எங்கள் வீட்டில் கறி கிடையாது. வண்டி தானாக வேகம் குறைந்தது.

"அப்பா, பிரேக்ல இருந்து கைய எடுங்க" என்றாள் ரீனா.

ஆளுக்கு இரண்டு இட்லி, ஒரு காபி, 110 ரூபாய். 7.30க்கு அடிவாரம்.

அங்கே வனக்காவல் கூண்டு இருக்கிறது. எங்கள் வழிகாட்டி ரத்னம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். கோலார்க்காரர்கள் எல்லோரையும் போல தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றையும் கலந்து பேசுகிறார்.

"அண்ணா, நெருப்புப் பெட்டி, பீடி, லைட்டர் ஏதிருந்தாலும் இங்கயே குடுத்துடுங்க. வெயில் காலம்."

நெருப்புப் பெட்டியைக் கொடுத்தேன். செப்புக் குழாய் பற்றவைக்க என் சட்டைப்பையில் எப்போதும் ஒரு லைட்டர் கிடக்கும். அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. மாதாவுக்காகச் செய்வது திருட்டுத்தனமாகாது என்று ஒரு கணக்கு.

ஏற்றம் 2.6 கிலோமீட்டர். ரத்னம்மா ஒரு மணி நேரத்தில் ஏறுவாராம். நான் ஏறியதில் ஒரு மணி நாற்பது நிமிடம். ஓய்வெடுத்த இடங்களை எண்ணினால் சிலுவைப் பாதையின் பதினான்கு ஸ்தலங்களுக்கு மேலேயே வரும். ஓரிடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டே, "நீங்க சின்ன வயசுலருந்தே இங்கதானாம்மா?" என்றேன்.

"ஹௌதண்ணா. எங்கம்மா இங்க வெறகு வெட்டி வித்தாங்க. ஃபாரஸ்ட் கார்டு தொரத்துவாரு, நாங்க ஓடுவோம். இப்ப கூலி குடுத்து என்னையே தொரத்தச் சொல்றாங்க."

உச்சியில் கல் சிலுவை அப்படியே நிற்கிறது. அதைச் சுற்றி இடுப்பளவு காய்ந்த புல், காற்று வேறு. மெழுகுவர்த்திகளைக் கல்லின்மேல் வரிசையாக வைத்து, கடைசியில் லைட்டரையும் எடுத்துவிட்டேன்.

ரத்னம்மா கோபப்படவில்லை. பக்கத்துப் புதரில் தழையோடு ஒரு கிளையை ஒடித்து வந்து எனக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

"எதுக்கும்மா அது?"

"நீங்க ஏத்துங்கண்ணா. பேடா, வேணாம்னா கேக்கவா போறீங்க? போன வருஷம் ஒருத்தர் ஊதுபத்திதானேன்னாரு. மூணு நாள் இத வெச்சுத்தான் அடிச்சு அணைச்சோம்." முழங்கையில் இருந்த தழும்பைக் காட்டினார். "இந்தத் தடவ பத்துச்சுன்னா எனக்கு வேலையும் போயிடும்."

"சூப்பர். ஏத்த ஒரு ஆளு, அணைக்க ஒரு ஆளு" என்றாள் ரீனா.

லைட்டரை ரத்னம்மாவிடமே கொடுத்துவிட்டேன். மனம் உயர்ந்ததால் அல்ல, வெட்கத்தால். ஆனால் செவ்வாய்க்கிழமை அப்படியே இருந்தது. வெறுங்கையோடு போய் ஸ்டெல்லாவிடம் என்ன சொல்வது?

இறங்கும் வழியில், காய்ந்த இலைகளைக் கூட்டித் தள்ளி வெறும் மண்ணாக விட்ட ஒரு பாதை குறுக்கே வந்தது. தீ வந்தால் அதைத் தாண்டாதாம். பாதி வரைதான் முடிந்திருந்தது. பெருக்குகிற வாருகோல், துடைப்பந்தான், பக்கத்து மரத்தில் சாய்ந்து நின்றது. எங்கள் பக்கம் சுகம் கிடைத்தால் கோயிலைப் பெருக்குவதாக நேர்ந்துகொள்பவர்கள் உண்டு. வாருகோலைக் கேட்டு வாங்கினேன். ஒரு மணி நேரம் பெருக்கினேன். "தூசி தட்டறீங்களா அண்ணா? மண்ணு தெரியணும்" என்று ரத்னம்மா பின்னாலேயே வந்தார். ரீனா அடிகளால் அளந்து பார்த்து அறுபது என்றாள். உள்ளங்கையில் இரண்டு கொப்புளம்.

போக நினைப்பவர்களுக்கு: பிப்ரவரி முதல் மழை வரும்வரை புல் காய்ந்திருக்கும், ஏழரைக்கே ஏறத் தொடங்குங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். மேலே கடை கிடையாது. எரிகிற, எரிக்கிற சாமான் எதுவும் வேண்டாம். மெழுகுவர்த்தி கட்டாயம் என்றால் ஆகஸ்டில் போய், வழிகாட்டியைக் கேட்டுக்கொண்டு ஏற்றுங்கள். பெட்ரோல், சாப்பாடு, சீட்டு எல்லாம் சேர்த்து எங்கள் இருவருக்கும் 920 ரூபாய் ஆனது. அந்தக் காட்டில் நாங்கள் விறகெடுத்தபோது அது எங்களுடையது என்று நினைக்கவில்லை, அடுத்தவருடையது என்றும் நினைக்கவில்லை. அறுபதடி பெருக்கிய பிறகு அந்த அறுபதடியில் மட்டும் ஒரு கண் இருக்கிறது.

மாலை நாலரைக்கு வீடு. நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, ஆறு மெழுகுவர்த்தியையும் மேசையில் வைத்தேன். ஸ்டெல்லா என் கையைத் திருப்பிக் கொப்புளங்களைப் பார்த்தாள்.

"மாதாவும் ஒரு வீட்டம்மாதானே. பெருக்குறதுன்னா என்னன்னு அவங்களுக்குத் தெரியும்" என்றாள். "செவ்வாக்கெழம லீவு சொல்லியாச்சா?"