ஓம் மிஸ்

ஓர்ஸ் ஹில்லில் ஒரு மாடிக் கட்டடத்தின் மேல்தளத்தில் இருக்கும் பயிற்சி நிலையத்தில் நான் கணினி படிப்பிக்கிறேன். அங்கே சேர்ந்தபோது எனக்குக் கணினியைப் பற்றி நிறையத் தெரியும், வகுப்பறையைப் பற்றி ஒன்றுமே தெரியாது. பழுதான வன்தட்டிலிருந்து கோப்புகளை மீட்கக் கற்றுத் தந்தவர்கள், ஒரு அறை நிறைந்த ஆட்கள் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினால் என்ன செய்வது என்று சொல்லித் தரவில்லை. ஆகவே எந்த வேலைக்கும் செய்வதைப் போல இதற்கும் மனதுக்குள் விதிகளை அடுக்கிக்கொண்டேன். குரலை உயர்த்தக் கூடாது. முதல் மாதம் சிரிக்கக் கூடாது. முன்னால் நிற்பதைவிட முதுகுக்குப் பின்னால் நிற்பது நல்லது. யாரையும் முறை சொல்லிக் கூப்பிடக் கூடாது.

கடைசி விதி எங்கள் ஊருக்குப் பொருந்தாது. இங்கே பஸ் நடத்துநரும் அண்ணைதான், மரக்கறி விற்பவரும் அக்காதான். ஆனால் என் வகுப்பில் ஒருவர் மட்டும் என்னைவிடப் பன்னிரண்டு வயதாவது மூத்தவர். அவரை ஒருமுறை அக்கா என்று கூப்பிட்டுவிட்டால் பிறகு எப்படிக் கண்டிப்பது? மற்றவர்களும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்களே என்று நினைத்தேன். அதனால் அவரை ஒன்றும் சொல்லிக் கூப்பிடாமல், "நீங்கள்", "அந்தக் கரையில இருக்கிறவ" என்று சமாளித்து வந்தேன்.

அவர் சாம்பல்தீவிலிருந்து பஸ்ஸில் வருபவர். கணவர் கடலுக்குப் போகிறவர். இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். ஊரிலுள்ள கடற்றொழிலாளர் சங்கம் தன் கணக்குகளைக் கணினியில் ஏற்ற ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தது. சான்றிதழோடு வந்தால் அந்த வேலை அவருக்குத்தான் என்று தலைவர் சொல்லியிருந்தார். பதிய வந்த அன்றே இதை என்னிடம் சொன்னார்.

"கணக்கு எனக்கு வரும் மிஸ். கொம்பியூட்டர்தான் வராது."

எங்கள் ஆய்வுகூடத்தின் ஒரு பக்க ஜன்னல்கள் உள்துறைமுகத்தைப் பார்க்கும். கப்பல் ஒன்று உள்ளே வந்தால் பாதி வகுப்பு கழுத்தைத் திருப்பிவிடும். மற்றப் பாதி காதில் பாட்டு. நடந்து நடந்து கால் வலித்த ஒரு நாளில், எல்லோருடைய திரைகளையும் என் மேசையிலிருந்தே பார்க்க வைக்கும் ஒரு மென்பொருளை நிறுவினேன். என் திரையில் அவர்களுடைய திரைகள் தபால்தலை அளவில் வரிசையாகத் தெரியும். ஒன்றைத் தொட்டால் அது பெரிதாகும். ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லோருடைய திரையும் கறுத்து, நான் எழுதி வைத்த ஒரு வரி மட்டும் நடுவில் நிற்கும்: மிஸ்ஸைப் பாருங்கோ.

கிண்ணியாவிலிருந்து வரும் ஒரு தம்பி, வகுப்பின் வாய் அவன்தான், முதல் நாளே கேட்டான்.

"மிஸ், சீனன்குடா எயார்போர்ட்டில இருந்த ராடரைக் கழட்டிக்கொண்டு வந்திட்டீங்களா?"

அன்றிலிருந்து அதன் பெயர் ராடர். யாராவது யூடியூப் திறந்தால் பக்கத்திலிருப்பவர், "ராடரில விழுந்திட்டாய்" என்பார். எனக்கு அது பெருமையாக இருந்தது. வகுப்பு அமைதியாகிவிட்டது. பொறுப்பதிகாரி கதவடியில் நின்று பார்த்துவிட்டு, "மிஸ்ஸின்ட வகுப்பெண்டால் ஊசி விழுந்தாலும் கேக்கும்" என்று மற்றப் போதனாசிரியர்களிடம் சொன்னார்.

அந்த மென்பொருளில் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு பெயர் கொடுக்கலாம். முதலில் பயிலுநர்களின் பெயர்களைத்தான் போட்டேன். பிறகு, ஒரு கண்வீச்சில் யாரை எதற்காகக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்தால் நல்லது என்று தோன்றியது. என் கண்ணுக்கு மட்டும்தானே. கிண்ணியாத் தம்பி 'பாட்டுக்காரன்' ஆனான். கப்பல் பார்க்கும் பிள்ளை 'ஜன்னல்'. பக்கத்துத் திரையைப் பார்த்துச் செய்பவன் 'கொப்பி'.

சாம்பல்தீவிலிருந்து வந்தவருக்கு வைத்த பெயர் 'ஓம்மிஸ்'.

ஏனென்றால் அவர் எதற்கும் அதைத்தான் சொன்னார். நான் ஒவ்வொரு பகுதியும் முடிய "விளங்குதா?" என்று கேட்பேன். எல்லோருக்கும் முதல், எல்லோரையும்விடத் தெளிவாக அவருடைய குரல் வரும்: "ஓம் மிஸ்." தபால்தலை அளவில் பார்த்தால் அவருடைய திரையும் சரியாகவே இருக்கும். மீன் வகை, கிலோ, விலை, கடைசியில் கூட்டுத்தொகை, எல்லாம் பிழையில்லாமல். ஒருநாள் அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கூட்டுத்தொகை இருந்த கட்டத்தில் சூத்திரமே இல்லை. அவர் மனதுக்குள் கூட்டி விடையைத் தட்டி வைத்திருந்தார். மேலே ஒரு எண்ணை மாற்றினால் கீழே எதுவும் அசையாது. எனக்குச் சிரிப்பு வந்தது. போய்ச் சொல்லிக் கொடுக்கவில்லை. பெயரை மாற்றினேன்.

பிறகொரு நாள் வகுப்பு நடுவில் மின்சாரம் போய் வந்தது. எங்கள் பக்கம் அது புதினமில்லை. கணினிகள் மறுபடி உயிர்த்தன, புரொஜெக்டரும் உயிர்த்தது. வழமையாகச் சுவரில் பாடம் ஓடும், என் திரை எனக்கு மட்டும் தெரியும். அப்படித்தான் அமைத்து வைத்திருந்தேன். மின்சாரம் வந்ததும் அந்த அமைப்பு மாறி, இரண்டிலும் ஒரே படம் விழத் தொடங்கியிருந்தது. சுவர் என் முதுகுக்குப் பின்னால். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பயிற்சியைச் செய்யச் சொல்லிவிட்டு ராடரைத் திறந்தேன். அவருடைய திரையைத் தொட்டுப் பெரிதாக்கினேன். அதே கதைதான்: சூத்திரம் இல்லை, விடை மட்டும். வகுப்பு மெல்ல மெல்ல அமைதியாகியது. விசைப்பலகைச் சத்தம்கூட நின்றது. நான் நிமிரவில்லை. மின்சாரம் போய் வந்த நாளிலும் இப்படி அமைதியாக இருக்கிறார்களே என்று உள்ளுக்குள் மகிழ்ந்தேன். இன்றைக்கும் அந்த மகிழ்ச்சியை நினைத்தால் காது சுடுகிறது. மறுபடி எல்லாத் திரைகளும் தெரியும் பக்கத்துக்கு வந்தேன்.

"பாட்டுக்காரன்," என்று கிண்ணியாத் தம்பி உரக்க வாசித்தான். "மிஸ், அது நானா?"

நான் திரும்பினேன். சுவர் முழுக்க என் பெயர்கள்.

"அடியே, ஜன்னல் நீதான்!"

"கொப்பி எண்டிருக்கிறது ஆர்? டேய், ஒளியாத!"

சிரிப்பு வெடித்தது. கொப்பி என்று பெயர் வாங்கியவனும் சிரித்தான். பத்தொன்பது வயதில் பட்டப்பெயர் ஒரு பரிசு மாதிரி. அவர்கள் என்னைக்கூட மன்னித்துவிட்ட மாதிரி இருந்தது. பிறகு ஒருவன் கேட்டான்.

"அப்ப ஓம்மிஸ் ஆர்?"

கேட்டவனுக்கே அடுத்த நொடி விளங்கிவிட்டது. யாரும் அந்தக் கரைக்குத் திரும்பவில்லை. அவர் கையை உயர்த்தினார். கதைக்க முன் கை உயர்த்த வேண்டும் என்பதும் நான் போட்ட விதிதான்.

"ஓம்," என்றார். "நான்தான்." வழமையாகச் சேர்க்கும் மற்றச் சொல்லை விழுங்கிக்கொண்டார். முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்திருந்தார்.

சுவரில் இருப்பதை அணைக்க வேண்டும் என்றுதான் கை போனது. ஆனால் பழக்கத்தில் விரல் மற்றப் பொத்தானை அழுத்தியது. எல்லோருடைய திரையும் கறுத்தது. ஒவ்வொன்றிலும் அந்த வரி வந்து நின்றது: மிஸ்ஸைப் பாருங்கோ.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அடுத்த வகுப்புக்கு அவர் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. வரவு குறைந்தால் இறுதிப் பரீட்சைக்கு இருக்க விடமாட்டார்கள். பரீட்சை இல்லையென்றால் சான்றிதழ் இல்லை. சங்கத்து வேலையும் இல்லை. எல்லாம் எனக்குத் தெரியும். அவருடைய தொலைபேசி இலக்கமும் என்னிடம் இருந்தது. எடுத்து என்ன சொல்வது என்று வசனங்களை ஒழுங்குபடுத்திப் பார்த்தேன், ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் எடுத்தது கிண்ணியாத் தம்பிதான். எனக்குக் கேட்கும்படி வெளிவிறாந்தையில் நின்று கதைத்தான்.

"அக்கா, வாங்க. நீங்க இல்லாம மிஸ் விளங்குதா எண்டு கேட்டா ஒரு மனுசரும் வாயத் திறக்கினமில்லை. ராடரும் இப்ப சும்மாதான் கிடக்கு."

அவனுக்கு எவ்வளவு சுலபமாக அக்கா வந்தது.

அவர் வந்தார். மகளுக்குக் காய்ச்சல் என்றார். இருக்கலாம். இடைவேளையில் அவரைப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிப் போனேன். பெயர்களையெல்லாம் அழித்துவிட்டேன் என்று சொன்னேன். பிறகு, ஒழுங்குபடுத்தி வைத்திருந்த வசனத்தைத் தொடங்கினேன்.

"அக்கா, நான்..."

"வேண்டாம் மிஸ்," என்றார். "இப்ப அக்கா எண்டா இன்னும் வெக்கமாக் கிடக்கு. நீங்கள் மிஸ்ஸாவே இருங்கோ."

கீழே ஒரு ஓட்டோ திரும்ப இடமில்லாமல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. அதையே இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"முதல் கிழமை விளங்கேல்ல எண்டு நான் சொன்னனான் மிஸ். உங்களுக்கு ஞாபகம் இராது. ஒராளுக்காக நிப்பாட்ட ஏலாது, பக்கத்துப் பிள்ளையிட்டக் கேளுங்கோ எண்டு சொன்னீங்கள். கேட்டனான். என்ன அங்க கதை எண்டு ஸ்கிரீனைக் கறுப்பாக்கிப் போட்டீங்கள். அந்தப் பிள்ளைக்கும் ஏச்சு. பிறகு நான் என்னத்தைச் சொல்ல?"

கோபமில்லாமல் சொன்னார், பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதைப் போல. எனக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை. யார் எத்தனை தரம் யூடியூப் திறந்தார்கள் என்று தெரிந்த எனக்கு இது தெரியவில்லை. அந்த 'ஓம் மிஸ்'ஸை அவருக்குப் பழக்கியதே நான்தான். பழக்கிவிட்டு அதையே அவருக்குப் பெயராகவும் வைத்திருக்கிறேன். படிக்கட்டில் நின்றபோது இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து வந்தன. மணி அடித்தது.

அன்றைக்கு வகுப்பு முடிந்த பிறகு அவரோடு இருந்தேன். பக்கத்தில் கதிரை போட்டு இருந்தேன், பின்னால் நிற்கவில்லை. சம அடையாளம் போடுவது, கட்டங்களைத் தெரிவது, அடைப்புக்குறி. அவர் மெதுவாகத் தட்டினார். பிறகு மேலே பாரை மீனின் கிலோவை மாற்றச் சொன்னேன். மாற்றினார். கீழே கூட்டுத்தொகை தானாக மாறியது.

"அட!" என்றார். இன்னொரு எண்ணை மாற்றிப் பார்த்தார். "அப்ப இவ்வளவு நாளும் நான் இதுக்குச் சம்பளமில்லாம வேலை செய்திருக்கிறன்."

அன்றைக்குத்தான் அவர் மனம்விட்டுச் சிரித்து நான் பார்த்தேன். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தச் சிரிப்பில் எனக்குப் பங்கு இருக்கிறதா என்று தெரியவில்லை.

அதன் பிறகு "விளங்குதா?" என்று கேட்பதை விட்டேன். செய்து காட்டச் சொல்வேன், பிழைத்தால் பக்கத்திலிருப்பவர் சொல்லிக் கொடுக்கட்டும் என்று விடுவேன். வகுப்பில் சத்தம் கூடியது. பொறுப்பதிகாரி மறுபடி கதவடிக்கு வந்து, "என்ன மிஸ், மீன் சந்தை மாதிரிக் கிடக்கு" என்றார். அந்த ஊசி விழும் வகுப்பை நினைத்து ஒரு கணம் மனம் ஏங்கத்தான் செய்தது. அதையும் சொல்ல வேண்டும்.

பரீட்சைக்கு வெளியிலிருந்து ஆள் வந்தார். சாம்பல்தீவிலிருந்து வந்தவர் சித்தியடைந்தார். நல்ல புள்ளிகள் இல்லை, ஆனால் சூத்திரங்கள் எல்லாம் அசைந்தன.

சான்றிதழ்களை அடித்து எடுத்தது நான். கொடுக்கும் நாளில் ஒவ்வொருவரையும் என் மேசைக்குக் கூப்பிட்டு, பெயரைப் பார்க்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கினேன். அவர் வந்தார். சேலை உடுத்து, பூ வைத்து வந்திருந்தார்.

"பேர் சரியா?"

பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஓம் மிஸ்."

பின்னால் வரிசையில் நின்ற யாரோ மூக்கால் சிரித்தார்கள். அவர் கையெழுத்து வைத்தார், சான்றிதழை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். நான் அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

எல்லோரும் போய், நான் அலுமாரியைப் பூட்டிக்கொண்டிருந்தபோது படிக்கட்டில் சத்தம் கேட்டது. அவர் மூச்சு வாங்கிக்கொண்டு வாசலில் நின்றார். பஸ் தரிப்பிடம் வரைக்கும் போய்த் திரும்பி வந்திருக்கிறார்.

"இல்லை மிஸ்," என்றார். "பிழை. அடையாள அட்டையில என்ட அப்பாட முதலெழுத்து. இதில என்ட மனுசன்ட முதலெழுத்து. இதைக் கொண்டுபோய்க் குடுத்தா சங்கத்தில எடுக்க மாட்டினம்."

விண்ணப்பத்தில் கணவரின் பெயர் இருந்த இடத்தைப் பார்த்து நான்தான் பிழையாக அடித்திருந்தேன். ஆனால் என் வாயில் முதலில் வந்தது அதுவல்ல.

"அப்ப கேட்டனான்தானே? பாத்திட்டு ஓம் எண்டீங்களே."

"பாத்தனான் மிஸ். அப்பவே தெரிஞ்சுது." சான்றிதழின் ஓரத்தை விரலால் நேராக்கினார். "நீங்கள் கேட்டா வாயில அதுதான் வருது."

நான் கணினியை மறுபடி போட்டேன். கோப்பைத் திறந்து முதலெழுத்தை மாற்றினேன். அவர் என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார். முதுகில் ஒருவருடைய பார்வை எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. விரல் இரண்டு தரம் பிழையான எழுத்தில் போய் விழுந்தது. அவர் காத்திருந்தார்.

அடித்து முடித்ததும், சரியா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. திரையை அவர் பக்கம் திருப்பிவிட்டு, கதிரையைத் தள்ளி எழுந்து நின்றேன். அவர் அதில் அமர்ந்து, அடையாள அட்டையைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக வாசிக்கத் தொடங்கினார்.