புள்ளி பார்க்கிறவள்

ஒரகடத்தில் நாங்கள் வேலை பார்த்த கம்பெனியில் கங்காவின் கண்ணுக்கென்று ஒரு மரியாதை இருந்தது. கார் பம்பருக்கு பெயிண்ட் அடிக்கிற கம்பெனி அது. அடித்துக் காய்ந்து வரும் ஒவ்வொரு பம்பரும் கடைசியாக அவள் மேஜைக்குத்தான் வரும். இரண்டு பக்கமும் வரிசையாக டியூப்லைட் எரியும். தூசி, புள்ளி, பெயிண்ட் வழிசல் எது இருந்தாலும் கண்டுபிடித்து ஸ்டிக்கர் ஒட்டுவாள்; குறை இல்லாததில் தன் ஸ்டாம்ப்பைக் குத்தி அனுப்புவாள். ஸ்டிக்கர் விழுந்தது ரீவொர்க்குக்குப் போகும். அங்கே தேய்த்து, பாலிஷ் போட்டு, புள்ளி இருந்த சுவடே இல்லாமல் ஆக்கிவிடுவார்கள்.

நானெல்லாம் அவள் மேஜைக்கு அடுத்த பேக்கிங்கில் பெட்டி ஒட்டியவள். கங்கா அப்படியில்லை. படப்பைப் பக்கம் நிலமெல்லாம் பிளாட்டாகிப் போன குடும்பத்துப் பெண். பத்தாவதோடு நின்ற படிப்பு. அந்த மேஜைதான் அவளை ஓர் ஆளாக்கியது. சூப்பர்வைசர் ரகு புது ஆட்களைக் கூட்டிவந்து, "அக்கா எப்டி பாக்குதுன்னு பாத்துக்கோங்க" என்பான். அந்த இடத்தை விட்டுவிடக் கூடாது என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே பிடிவாதம்.

மகள் பூஜா வயிற்றில் இருந்தபோது அவளுக்கு இரண்டு கன்னத்திலும் கறுப்புத் திட்டாக மங்கு படர்ந்தது. பிள்ளை பிறந்தும் போகவில்லை. வெயிலில் பஸ்ஸுக்கு நின்று நின்று கண்ணுக்குக் கீழே வரைக்கும் ஏறியது. நம் ஆட்களுக்கு அடுத்தவள் முகம் என்றால் அக்கறை பொங்கிவிடுமே. "இன்னாக்கா, மூஞ்சி தீஞ்ச மாதிரி கீது? கழுவமாட்டியா?" என்று பார்ப்பவரெல்லாம் கேட்டார்கள். ஒரு கல்யாணத்தில் போட்டோ எடுக்கும்போது, கட்டிய புருஷன் சிவசங்கரே, "நீ கொஞ்சம் பின்னால நின்னுக்கோ" என்றானாம். அதைச் சொன்ன அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

டீ பிரேக்கில் கறுப்பு பம்பரில் முகம் பார்த்துக்கொண்டு நிற்பாள். நாள் முழுக்கப் புள்ளியைக் குற்றமாகவே பார்த்துப் பழகியவள். புள்ளி என்றால் தேய்த்து எடுத்துவிடலாம் என்று நம்பினாள். எலுமிச்சம்பழத்தை வைத்துத் தேய்த்தாள், சர்க்கரையைப் போட்டுத் தேய்த்தாள். தோல் உரிந்து இன்னும் கறுத்தது.

எங்கள் கம்பெனி பஸ்ஸில் பெண்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. படப்பை தாண்டியதும் சத்யப்பிரியாவின் பையிலிருந்து ஒரு க்ரீம் டியூப் வெளியே வரும். கல்யாண வீட்டுக் குங்குமச் சிமிழ் மாதிரி அது சீட்டுக்குச் சீட்டு கை மாறும். டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் விற்க வேண்டும் என்று டப்பாவிலேயே போட்டிருந்தது. மெடிக்கல்காரன் கேட்கவில்லை, நாங்களும் படிக்கவில்லை. எனக்குப் போட்டால் எரிந்தது, அதனால் விட்டேன். மற்றபடி நான் ஒன்றும் புத்திசாலி இல்லை.

கங்காவுக்கு அது வேலை செய்தது. சில வாரத்தில் முகம் பளிச்சென்றாகி, சிவசங்கரே திரும்பிப் பார்த்தான். தனியாக ஒரு டியூப் வாங்கி வைத்துக்கொண்டாள். மங்கு அதிகமாக இருந்த இடம் கண்ணுக்குக் கீழே என்பதால் அங்கேதான் அழுத்திப் பூசுவாள். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும், கறுப்பு இரட்டிப்பாகத் திரும்பும். உடனே மறுபடி பூசுவாள். இப்படியே வருஷங்கள் ஓடின.

பிறகு டியூப்லைட்டைச் சுற்றி வானவில் மாதிரி வளையம் தெரிகிறது என்றாள். லைட்டில் அழுக்கு என்று நினைத்து ஏறித் துடைத்தாள். தலைவலி என்று தைலம் தடவினாள். கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் விரலால் பம்பரைத் தடவ ஆரம்பித்தாள். கைப்பசை படும் என்று கம்பெனியில் அதற்குத் தடை. கங்கா என்பதால் யாரும் கேட்கவில்லை.

ஒரு நாள் ரகு வெள்ளை பம்பர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜையில் வைத்தான். ஓரத்தில் காசு அகலத்துக்கு ஒரு கறை.

"அக்கா, கஸ்டமர்கிட்டேர்ந்து திரும்பி வந்துகினு கீது. உன் ஸ்டாம்ப்புதான்."

"எங்கடா கீது?"

"வெளாடாதக்கா. எட்ட நின்னே எனக்குத் தெரியுது."

அவள் விரலால் தடவினாள். பம்பரின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு, கறையின் மேலேயே விரல் போய் வந்தது.

"ஒண்ணும் இல்லியேடா. வழவழன்னு கீது."

ரகு என்னைப் பார்த்தான். தூசி என்றால் விரலில் நெருடும். நிறம் விரலுக்குத் தெரியாதே.

கண் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். டாக்டரம்மா எல்லாம் பார்த்துவிட்டு, "கண்ணுக்குக் கீழ என்னம்மா போடறீங்க?" என்று கேட்டார். கங்கா பையிலிருந்து டியூபை எடுத்துக் கொடுத்தாள்.

"இதுல ஸ்டீராய்டு இருக்கும்மா. கண்ணு கிட்ட வருஷக்கணக்கா தடவினா உள்ள பிரஷர் ஏறிடும். நரம்பு பட்டுப்போச்சு. போன பார்வை திரும்பாது. மிச்சத்தக் காப்பாத்தத்தான் சொட்டு மருந்து."

"அப்ப மங்குக்கு இன்னா பண்றது?" என்றாள் கங்கா. எனக்கு அவளை அறையவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது.

"மங்கு அழுக்கு இல்லம்மா, தேய்ச்சு எடுக்கறதுக்கு. பிள்ளை உண்டாகும்போது வரும், வெயில்ல அதிகமாகும். வெயில் படாம பாத்துக்கணும், சன்ஸ்க்ரீன் போடணும். தோல் டாக்டர்கிட்ட காட்டினா மெதுவா குறையும். குறையலன்னாலும் என்ன? அதால உங்களுக்கு ஒரு கெடுதலும் வந்திருக்காது."

அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மேஜைக்கு வேறு பெண் வந்துவிட்டாள். பேக்கிங்கிலாவது போடுங்கள் என்று கங்கா கேட்டாள்; பெட்டி மேல் இருக்கும் எழுத்தைப் படிக்க முடியாதவளை எங்கே போடுவது என்றார்கள். பஸ்ஸில் டியூப் இன்னும் கை மாறிக்கொண்டுதான் இருக்கிறது. போடாதீர்கள் என்று நான் கத்தினேன். "எங்களுக்கு இன்னும் ஒண்ணும் ஆவலியேக்கா" என்றாள் சத்யப்பிரியா.

போன ஞாயிற்றுக்கிழமை கங்காவின் வீட்டுக்குப் போயிருந்தேன். க்ரீமை நிறுத்தியதில் மங்கு முன்பைவிடக் கறுத்து நெற்றி வரை ஏறியிருந்தது. கண்ணாடியில் முகம் புகை மாதிரிதான் தெரிகிறதாம்.

"பூஜா, எம்மூஞ்சி எப்டிடி கீது?" என்று கேட்டாள்.

பூஜா என்னைப் பார்த்துவிட்டு, "கொறஞ்சிடுச்சும்மா" என்றது.

கங்கா காதுப் பக்கத்திலிருந்து மூக்கு வரை, மேஜையில் செய்வது போலவே, கன்னத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்தாள்.

"ஆமா. வழவழன்னுதான் கீது" என்றாள்.