பத்தாயிரம் பேரும் கேட்ட ஒரே எண்

அதுவரை சோதனைகளைப் பார்த்துக்கொண்டிருந்த நெட்டையன் வேலையை விட்டுப் போனது ஒரு வியாழக்கிழமை. காலையிலிருந்து விடாத மழை. போதாக்குறைக்கு லிப்டும் மக்கர் செய்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "டெஸ்ட்டெல்லாம் பக்காவா இருக்குக்கா. பட்டனை அமுக்கிட்டு டீ குடிக்கப் போயிடுங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நர்சிங் நுழைவுத் தேர்வு முடிவுகள் வர வேண்டும். போன வருடம் முடிவு வெளியான வேளையில் வேறு யாரோ கட்டிய இணையதளம் கூட்டம் தாங்காமல் படுத்துவிட்டது. இந்த வருடம் அந்தப் பொறுப்பு இந்த அலுவலகத்தின் தலையில்.

அலுவலகமே அக்கா என்று கூப்பிடும் அவள், பிள்ளைகள் வளர்ந்த பிறகு வேலைக்குத் திரும்பியவள். இன்னும் நிரந்தரமாகவில்லை. பொய்க் கூட்டத்தைத் தளத்தின் மேல் ஏவிவிட்டு, அது தாங்குகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. கூட்டம் ஏற ஏற, கிளவுடில், அதாவது இணையம் வழி வாடகைக்கு எடுத்த கணினிகளில், ஓடும் செயலி தன்னைத்தானே பிரதி எடுத்துப் பெருக வேண்டும். ஒவ்வொரு பிரதியும் ஒரு கன்டெய்னர்.

"இல்லாத ஆளுங்களை வெச்சு நெரிசல் பண்றதுக்குச் சம்பளமா? நல்ல பொழப்புதான்" என்பார், லிப்ட் மெக்கானிக்கான கணவர்.

"முதல்ல எங்க ஆபீஸ் லிப்டை ஓட வைங்க. அப்புறம் பேசுங்க."

வெள்ளிக்கிழமை பட்டனை அமுக்கினாள். பத்தாயிரம் பேர் வந்து போனார்கள். திரை முழுக்கப் பச்சை. இரண்டு கன்டெய்னர் இரண்டாகவே இருந்தது. "யானை பலம்க்கா!" என்று பின்னாலிருந்து கைதட்டினார்கள். அவளுக்கு மட்டும் நெருடியது. இத்தனை பேர் சாப்பிட வந்தும் அடுப்பில் ஒரு பாத்திரம் கூடவில்லை என்றால், யாரும் சாப்பிடவே இல்லை என்றுதானே அர்த்தம்?

சோதனை நிரலைத் திறந்து பார்த்தாள். பத்தாயிரம் பேரும் ஒரே பதிவு எண்ணுக்குத்தான் மதிப்பெண் கேட்டிருந்தார்கள். முதல் ஆளுக்குத் தேடி எடுத்த பதிலை நினைவில் வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்கெல்லாம் கிளிப்பிள்ளை போல் ஒப்பித்திருந்தது செயலி. என்றோ வெள்ளோட்டத்துக்குப் போட்ட எண்ணை நெட்டையன் மாற்ற மறந்திருந்தான்.

ஆளுக்கொரு எண் கொடுத்து மறுபடி ஏவினாள். பிரதிகள் பெருகத் தொடங்கின. ஆனால் புதியவை கண் விழிப்பதற்குள் பழையவை நசுங்கின. விழித்தவை மேல் மொத்தக் கூட்டமும் பாய, அவையும் சுருண்டன. திரை ரத்தச் சிவப்பு.

மேலாளர் வந்து நின்றார். "இதுவரைக்கும் பச்சையா இருந்ததே மேடம்? நீங்க கை வெச்சதும் சிவந்துடுச்சு!"

"இதுவரைக்கும் நாம சோதிக்கவே இல்ல சார். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கோம்."

"செவ்வாய்க்கிழமைன்னு வாக்குக் கொடுத்தாச்சு. ரெடின்னு ஒரு மெயில் தட்டிவிடுங்க, போதும்."

"மாட்டேன் சார்."

"உங்களை நிரந்தரமாக்கற பேப்பர் என் மேசைலதான் இருக்கு. ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு. அது அங்கயே இருக்கட்டும். என்னை வேலை பாக்க விடுங்க."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அலுவலகத்தில்தான். மூச்சுத் திணறிய பிறகு பெருகாமல், பாதிச் சுமையிலேயே பெருகும்படி மாற்றினாள். முழுதாகத் தயாராகாத பிரதியிடம் ஒருவரையும் அனுப்பாதே என்று கட்டளை எழுதினாள். மறுபடி சிவப்பு. இந்த முறை இத்தனை பிரதிகளும் ஒன்றாக மொய்த்ததில் தரவுத்தளம் மண்ணைக் கவ்வியது. பிரதிக்கு இத்தனை இணைப்புதான் என்று கடிவாளம் போட்டாள். முடிவு நேரத்துக்கு முன்பே ஒரு பட்டாளத்தை எழுப்பி நிறுத்தி வைத்தாள். திங்கள் மதியம் தளம் தாங்கியது. அதன் பிறகே ரெடி என்று மெயில் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை நிஜக் கூட்டம் வந்தது. தளம் அசையவில்லை. யாருடைய போனும் அடிக்கவில்லை. விழாத தளத்தைப் பற்றி யார் பேசப்போகிறார்கள்? மதிப்பீட்டில் 'காலம் தாழ்த்துபவர்' என்று எழுதி, வேறொரு சின்னக் குழுவுக்கு அவளைத் தள்ளிவிட்டார் மேலாளர். அங்கும் பொய்க் கூட்டம் என்ன கேட்கிறது என்று பார்க்காமல் அவள் ஒரு பச்சையையும் நம்பவில்லை. 'பிடிவாதக்காரி' என்ற பெயர் அங்கேயும் ஒட்டிக்கொண்டது.

அடுத்த வருடம், பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது மேலாளரிடமிருந்து செய்தி வந்தது: "மேடம், இந்த வருஷமும் ரிசல்ட் நமக்குத்தான். தேதி கேக்கறாங்க. நீங்க சொல்லாம குடுக்க முடியாதுன்னுட்டேன். உங்க பேப்பர்ல இன்னிக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். லேட்டுதான். எப்ப வர்றீங்க?"