கொச்சிக்கு ஒரு மணி நேரம்

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை, கொச்சியில் இருந்த என் அக்கா இறந்துவிட்டதாக மச்சான் போன் செய்தார். நான் ஏற்காட்டில் மிளகு, காபித்தூள் விற்கும் கடை வைத்திருக்கிறேன். எங்கள் முஸ்லிம் குடும்பங்களில் மய்யித்தை, இறந்தவர் உடலை, அதிக நேரம் வைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். முடிந்தவரை சீக்கிரம் அடக்கம் செய்துவிடுவார்கள். அதற்குள் நான் போய் முகத்தைப் பார்த்தாக வேண்டும்.

கைப்பேசியில் தேடினேன். சேலம் விமான நிலையத்துக்கும் கொச்சி விமான நிலையத்துக்கும் இத்தனை கிலோமீட்டர், பறக்கும் நேரம் ஒரு மணி என்று வந்தது. அது போதும் எனக்கு.

"மத்தியானத்துக்குள்ள வந்துடறனுங்க மச்சான். நான் வராம எடுத்தீங்கன்னா அப்பறம் பேச்சுவார்த்தையே கிடையாது" என்று சத்தம் போட்டேன். லுஹர் என்ற மதியத் தொழுகைக்குப் பிறகு எடுப்பதாகச் சொன்னார்.

நாகலூர்க்காரர் ஒருவரின் வாடகைக் காரில் மலையிறங்கினேன். விமான நிலைய வாசலில் காவலர் நிறுத்தினார்.

"இன்னிக்கு கொச்சிக்கு பிளைட்டே இல்லீங்களே."

கைப்பேசியை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். வாங்கிப் படித்தார்.

"ஏனுங்க, ரெண்டு ஊருக்கும் எவ்வளவு தூரம்னு போட்டிருக்குது. பிளைட்டு இருக்குதுன்னு எங்கீங்க போட்டிருக்குது?"

அவரைக் கண்டபடி திட்டினேன். பாவம், அவர் என்ன செய்வார். கார்க்காரர் வந்து, "அவருகிட்ட கத்துனா பிளைட்டு வந்துருமுங்களா? ஏறுங்க, ரோட்டுலயே போயிரலாம்" என்றார். மதியம் அவருக்கு வேறு சவாரி இருந்தது. நான் கேட்காமலே அதை இன்னொருவருக்குக் கைமாற்றிவிட்டார்.

வழியில் மச்சானுக்குப் போன் செய்து, அஸர் என்ற பிற்பகல் தொழுகை வரை நேரம் கேட்டு வாங்கினேன். பாலக்காடு தாண்டியதும் கொட்டுகிற மழை. முன்னால் ஒரு லாரி கவிழ்ந்து, வண்டிகள் நகரவே இல்லை. மறுபடி கூப்பிட்டு, பொழுது சாய்ந்து தொழும் மஃரிப் வரை வைத்திருக்கச் சொன்னேன். அந்தப் பக்கம் ஓதுகிற சத்தம் கேட்டது.

"நீ சொல்ற வரைக்கும் வெச்சிருக்கறேன் கண்ணு" என்றார் மச்சான். "குளிப்பாட்டி கஃபன் துணி போட்டு நேரமாச்சு. அவதான் காத்துக்கிட்டு கெடக்கறா."

காலையிலிருந்து என் அவசரத்தை மட்டுமே பேசிக்கொண்டிருந்தேன். அக்கா காத்திருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. அவளுக்குச் சேர வேண்டிய அடக்கத்தை நான் பிடித்து வைத்திருந்தேன்.

"எடுத்துடுங்க மச்சான்" என்றேன்.

கார்க்காரர் கதவைத் திறந்து இறங்கி, நான் அழுது முடிக்கும்வரை மழையில் வெளியே நின்றார்.

பொழுது சாயும்போது போய்ச் சேர்ந்தேன். அடக்கம் முடிந்து, வீட்டில் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

முகம் பார்க்காத ஆத்திரம் இன்னும் எனக்குள் இருக்கிறது. அக்காவுக்கு நான் கடைசியாகச் செய்தது அவளைப் போகவிட்டதுதான் என்று நினைக்கும்போது மட்டும் மனது கொஞ்சம் அடங்குகிறது.