எந்தக் கப்பல் என்று கேட்க மறந்த விடுதி

கொரியாவின் உல்லுங் தீவிலுள்ள ஜோதொங் துறையில் கையால் உழைத்து, வாயால் முன்னுக்கு வந்தவர்கள் பலர் உண்டு. அவர்களில் தோ மால்சுன்னை மிஞ்ச ஆள் கிடையாது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்ததும் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். கணவாய் மீனைக் கீறிக் காயப்போட்ட கூலியில் கல்லும் மண்ணும் வாங்கி விடுதி கட்டினாள். கட்டில் கிடையாது. அடியில் சூடு ஓடும் தரை, விரிக்க மெத்தை, காலையில் சிப்பிச் சோறு. பட்டணத்து ஓட்டல்காரன் படித்துப் பட்டம் வாங்கிச் செய்வதை அவள் அதட்டியே செய்தாள்.

குமி ஊர் மலையேறும் சங்கம் வந்தால்தான் அந்த விடுதியில் அடுப்பு எரியும். அந்தச் சங்கத்துக்கு நோ ஹியாங்மி என்று ஒரு புதுச் செயலாளர் வந்தாள். "போனிலேயே அறை பதிய முடிந்தால் வருகிறோம். இல்லையென்றால் வேறு விடுதி பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லிவிட்டாள். மால்சுன் அவளை வாய் வலிக்கத் திட்டினாள். திட்டி முடித்ததும் அக்கரையிலுள்ள போஹாங்கிலிருந்து குக் சங்ஹூன் என்பவனை வரவழைத்தாள். கடைக்காரர்களுக்கு என்ன தேவை என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, அதற்குத் தக்கபடி கம்ப்யூட்டரில் ஏற்பாடு செய்து தருவது அவன் பிழைப்பு.

அவன் கேட்கக் கேட்க, மால்சுன் அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டே பதில் சொன்னாள்.

"ஒரு ரூம்ல எத்தன பேர் படுக்கலாம், பெரியம்மா?"

"டேகு பட்டணத்துக்காரங்கன்னா நாலு. பட்டாளத்துப் பசங்கன்னா எட்டு. புதுசா கல்யாணம் ஆனதுங்கன்னா ரெண்டு, அதுக்கே பாதி ரூம் சும்மா கிடக்கும்."

அவன் சிரிக்காமல் நாலு என்று தட்டினான். "ரூமை எப்ப காலி பண்ணுவாங்க?"

"கப்பல் வந்தா."

"வரலேன்னா?"

"நீந்தியா போவாங்க? இங்கதான் கிடப்பாங்க."

"அப்ப அந்த ரூமுக்கு அடுத்துப் பதிஞ்சவங்க கதி?"

மால்சுன் கீரையை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "அட அறிவுக்கொழுந்தே! போறவனை ஏத்திக்கிற கப்பல்தானே வர்றவனை இறக்குது? அவன் போகலேன்னா இவன் வரல. என் தலை கறுப்பா இருந்த காலத்துலேர்ந்து ஒரு தகராறு கிடையாது. எழுதிக்க!"

கப்பல் ஓடாவிட்டால் எல்லாப் பதிவும் ஒரு நாள் தள்ளிப் போகட்டும் என்று அவன் எழுதிக்கொண்டான். கணக்கு அவ்வளவு சுத்தமாக இருந்ததில் அவனுக்கே சந்தோஷம். மால்சுன்னைக் கேட்கவே வேண்டாம். "புரோகிராம் போட்டது நான். அவன் சும்மா தட்டினான்" என்று மீன் சந்தை முழுக்கத் தம்பட்டம் அடித்தாள்.

ஏற்பாடு முடிந்தது. ஹியாங்மியும் நாலு அறை பதிந்தாள். சங்கத்தார் வரும் நாளன்று புரோகிராமை ஓட்டிப் பார்க்கச் சங்ஹூனும் முன்கூட்டியே வந்து தங்கினான்.

அன்றைக்கு வடகிழக்குக் காற்று எழும்பியது. சின்னக் கப்பல் புறப்படாது என்று துறையில் பலகை தொங்கியது. சின்னக் கப்பலுக்குச் சீட்டு வாங்கி அன்று ஊருக்குத் திரும்ப இருந்த, விடுதியில் தங்கிய தூண்டில்காரர்கள் முனகிக்கொண்டே அறைக்குள் போய் மறுபடி மெத்தையை விரித்தார்கள். கம்ப்யூட்டர் சொன்ன பேச்சைக் கேட்டு எல்லாவற்றையும் நாளைக்குத் தள்ளியது. மால்சுன் காலை நீட்டி உட்கார்ந்து அரிசிக் கள்ளை ஊற்றிக்கொண்டாள்.

இரண்டாவது கிண்ணத்தில் கப்பல் சங்கு ஊதியது.

பெரிய கப்பல். அது வந்து சில வருஷம் ஆகிறது. இந்தக் காற்றெல்லாம் அதற்கு விசிறி வீசுகிற மாதிரி. துறையில் நண்டு விற்கிறவளுக்குக்கூடத் தெரிந்த சங்கதி. மால்சுன்னும் அதைத் தினம் பார்க்கிறவள்தான். ஆனால் ஒற்றைக் கப்பல் காலத்தில் போட்ட சட்டத்தின் மேல் அவளுக்கு இருந்த பெருமை கண்ணை மறைத்துவிட்டது.

குமிக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஹியாங்மியின் முகம் கீரை நிறத்தில் இருந்தது.

"பெரியம்மா, நான் இன்னிக்கே வந்துட்டேனா, இல்ல நாளைக்குத்தான் வருவேனா? நடுக்கடல்ல வாந்திப் பையப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன், 'உங்கள் பதிவு நாளைக்கு மாற்றப்பட்டது'ன்னு மெசேஜ் வருது!"

சங்ஹூன் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினான். மால்சுன் அவனைப் பார்க்கவே இல்லை. நேராகப் போய் அறைக்கதவுகளைத் தட்டினாள். "தூண்டில் மாப்பிள்ளைகளா, எல்லாரும் கோடி ரூமுக்குப் போங்க! குறட்டை விடறவன் சுவரோரம்!"

"அக்கா, நாங்க என்ன கணவாய் மீனா, அடுக்கி வைக்க?" என்றான் ஒருவன்.

"மீனுன்னா கிலோவுக்கு இவ்வளவுன்னு காசு கிடைச்சிருக்கும். எழுந்திருடா!"

தன் அறையையும் ஒழித்துக் கொடுத்தாள். அப்படியும் மூன்று அறைதான் தேறியது.

"நாலு பதிஞ்சேன்" என்றாள் ஹியாங்மி.

"தப்பு கடலோடது" என்று தொடங்கிய மால்சுன், இழுத்தாள். "கொஞ்சம் என்னோடதும்."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"ஒரு ரூம் அளவுக்கு."

பின்னாலிருந்து யாரோ சிரித்துவிட்டார்கள். ஹியாங்மி சிரிக்கவில்லை. சங்ஹூனைத் தூணுக்குப் பின்னாலிருந்து வரச் சொன்னாள். "எந்தக் கப்பல்னு கேக்காம இனிமே யாரையும் பதிய விடாதீங்க. அது சரியான பிறகு, இலையுதிர் காலத்துக்கு இங்கயா வேற இடமான்னு நான் முடிவு பண்றேன்."

அன்று தூண்டில்காரர்களுக்கு நடுவில் படுத்த சங்ஹூனுக்குத் திரும்பிப் படுக்கக்கூட இடமில்லை. விடிந்ததும் மடிக்கணினியைத் திறந்துவிட்டான்.

மலையில் இலைகள் சிவக்கத் தொடங்கிய பருவத்தில், மால்சுன் சந்தையில் மீன் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது போன் கிணுகிணுத்தது. குமி சங்கம், நாலு அறை, பெரிய கப்பல். எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தாள். பேரத்தைப் பாதியில் விட்டுவிட்டு, நண்டுக்காரி தொடங்கித் துறைக் காவலாளி வரைக்கும் ஒருத்தர் விடாமல் காட்டிவிட்டு வந்தாள். அதற்குப் பிறகுதான் அந்தத் தேதியில் நாலு அறை காலியாக இருக்கிறதா என்று பார்க்க வீட்டுக்கு ஓடினாள்.